ஸயான் வில்லியம்சனா, எம்பீடா: காயத்திலிருந்து மீண்டு வர யாருக்கு வாய்ப்பு?

மூணுபுள்ளி முருகு

என்.பி.ஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) 2024-25 சீசன் முடிந்த கையோடு ஒரு பழைய சண்டையைத் தூசி தட்டுகிறேன். எப்போது பார்த்தாலும் காயம் என்று பெயர் எடுத்துவிட்ட ஒருவர் பழைய ஆட்டத்துக்குத் திரும்ப முடியுமா? பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். அதனால் இரண்டே பேரை வைத்துப் பேசலாம்.

ஸயான் வில்லியம்சன், வயது 25. 2019 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் தேர்வு. ஆறு சீசனில் ஆடிய ஆட்டங்கள்: 24, 61, 0, 29, 70, 30. மொத்தம் 214.

ஜோயல் எம்பீட், வயது 31. 2014-ல் மூன்றாவது தேர்வு. பாத எலும்பு முறிவால் முதல் இரண்டு சீசன் ஒரு ஆட்டம்கூட இல்லை. அதன் பிறகு 31, 63, 64, 51, 51, 68, 66, 39, 19. மொத்தம் 452.

பலரும் சொல்வது இது: எம்பீட் 2022-23-ல் எம்.வி.பி (சீசனின் சிறந்த வீரர் விருது) வாங்கியவர், ஆட்டத்தின் நெளிவுசுளிவு தெரிந்தவர், எப்படியாவது வந்துவிடுவார். ஸயானுக்கு எடையும் சரியில்லை, அக்கறையும் போதவில்லை, தேறமாட்டார். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது, ஆனால் ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘மனஉறுதி இருந்தால் போதும்’ வகைப் பதில்கள் வேண்டாம்.

பிசியோ பார்வை

‘காயம் தாங்காத உடம்பு’ என்பதை முதலில் ஓரமாக வையுங்கள். எந்தத் திசு, எந்த இடம், எத்தனையாவது முறை என்று மூன்று கேள்வி கேட்டால் பாதி சண்டை தீர்ந்துவிடும். எலும்பு ஆறும் விதம் வேறு, தசை ஆறும் விதம் வேறு. குருத்தெலும்பு ஆறவே ஆறாது.

ஸயானின் பாதத்திலிருந்து தொடங்குகிறேன். 2021-22 முழுவதையும் தின்றது வலது பாதத்தின் ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பு. உங்கள் சுண்டுவிரலின் அடியிலிருந்து பாதத்தின் வெளி விளிம்பை ஒட்டிக் குதிகால் பக்கம் விரலை நகர்த்துங்கள். பாதி தூரத்தில் ஒரு முடிச்சு தட்டுப்படும். அதற்குச் சற்று முன்னால் இருக்கிற இடம்தான் வில்லங்கமானது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, ஒவ்வொரு திருப்பத்திலும் எலும்பு வளைகிறது. ஸ்க்ரூ போட்டாலும் சில மாதம் சேராமல் இழுத்தடிக்கும். கெவின் டுராண்டுக்கும் இதே வகை முறிவுதான். 2014 அக்டோபரில் ஒரு ஆபரேஷன், 2015 பிப்ரவரியில் ஸ்க்ரூவுக்காக இன்னொன்று, மார்ச் கடைசியில் எலும்பு ஒட்டு வைத்து மூன்றாவது. அந்த சீசனில் 27 ஆட்டம், அடுத்த சீசனில் 72. சேரும்வரை நரகம், சேர்ந்துவிட்டால் விட்டது சனி.

அடுத்தது தசை. 2023 ஜனவரியில் ஸயானுக்கு வலது ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை), அதோடு அந்த சீசன் போனது. 2024 ஏப்ரலில் லேக்கர்ஸ் அணிக்கு எதிரான பிளே-இன் (பிளேஆஃப் எனும் இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைவதற்கான) ஆட்டத்தில் 40 புள்ளி போட்ட சூட்டில் இடது. நவம்பரில் மறுபடியும் இடது. தொடையின் பின்தசை ஓட்டத்தில் எங்கே கிழிகிறது என்றால், கால் முன்னால் வீசப்பட்டுத் தரையைத் தொடப்போகும் அந்தக் கணத்தில். அப்போது தசை நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த வேலைக்குப் பலம் போதாவிட்டால் நார்கள் விட்டுவிடும். ஆறிய இடத்தில் தழும்புத் திசு வருகிறது, அது பக்கத்துத் தசையைப் போல நீளாது. வலி இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும், நீளத்தில் பலம் திரும்ப அதைவிட அதிக நாள் எடுக்கும். இந்த இடைவெளியில்தான் ஆட்களை மைதானத்தில் இறக்கிவிடுகிறார்கள். மறுபடி கிழியும் ஆபத்து திரும்பிய முதல் சில வாரத்தில் அதிகமாக இருப்பது இதனால்தான். நடு தசைநாணும் கிழிந்திருந்தால் கணக்கே வேறு, அதற்குக் கூடுதல் வாரங்கள் கட்டாயம்.

இப்போது எம்பீட். பாதத்தின் நாவிகுலர் எலும்புக்கு 2014-லும் 2015-லும் ஆபரேஷன் நடந்தது, சேர்ந்தது, அதோடு முடிந்தது. பிரச்சினை இடது முழங்கால். 2017 மார்ச், 2024 பிப்ரவரி, 2025 ஏப்ரல் என ஒரே முழங்காலில் மூன்று முறை கத்தி. மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் இருக்கிற பிறை வடிவ மெத்தை. அதன் வெளி விளிம்பில் மட்டும்தான் ரத்தம் ஓடுகிறது. அங்கே கிழிந்தால் தைக்கலாம், தைத்தால் நாலு முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உள் பக்கம் கிழிந்தால் தைத்தும் பயனில்லை, கிழிந்த துண்டை வெட்டி எடுப்பார்கள். அப்படி எடுத்தால் ஆறு எட்டு வாரத்தில் ஆடலாம். கேட்க இனிப்பாக இருக்கும், விலை பிறகு தெரியும். மெத்தை குறைந்தால் அதே எடை குறைவான பரப்பில் இறங்கும், கீழே இருக்கிற குருத்தெலும்பு தேயும். குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் ஆறவும் ஆறாது, தேயும்போது நேரடியாக வலிக்கவும் வலிக்காது. வீங்கும்போதுதான் தெரியும்.

வீக்கம் வெறும் அசௌகரியம் அல்ல. மூட்டுக்குள் 20-30 மில்லி திரவம் சேர்ந்தாலே தொடை முன்தசையின் உள்பகுதியை நரம்பு மண்டலம் அணைத்துவிடுகிறது. வீரர் எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாகச் சுருங்காது. தசை சுருங்காவிட்டால் இறங்கும் அதிர்ச்சி மூட்டுக்கே போகிறது, மூட்டு இன்னும் வீங்குகிறது. ஓய்வு கொடுத்தால் வீக்கம் வடிகிறது, ஆடினால் வருகிறது. கூடைக்கு அடியில் இடித்து ஆடும் ஒரு சென்டருக்கு இந்தச் சுழற்சி எவ்வளவு கொடுமை என்பது 2024-25-ன் 19 ஆட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே முருகு, உங்களுக்குத் தலைகீழாகப் பட்டது சரிதான். ஸயானின் பட்டியல் நீளம், ஆனால் ஆறக்கூடிய திசுக்கள். எம்பீடின் பட்டியல் சின்னது, ஆனால் ஆறாத இடம்.

கணக்குப்பிள்ளை

பார்வை சொல்வது உடற்கூறாகச் சரி, ஆனால் முடிவுக்குத் தாவிவிட்டார். ‘ஆறக்கூடியது’ என்றால் ‘ஆறிவிடும்’ என்று ஆகாது. அடுத்த ஹாம்ஸ்ட்ரிங் கிழிசலை முன்கூட்டிச் சொல்லும் வலுவான அடையாளம் முந்தைய கிழிசல்தான். ஸயானுக்கு இடது பக்கம் ஏழு மாதத்துக்குள் இரண்டு முறை.

எடைக்கு வருவோம். பதிவில் உள்ளது 284 பவுண்டு, சுமார் 129 கிலோ. உயரம் 6 அடி 6 அங்குலம். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் சுமார் நாலு கிலோ சுமை குறைகிறது. அது வெறும் நடை. குதித்து இறங்கினால் உடல் எடையைப் போலப் பல மடங்கு. ஐந்து கிலோ இறக்கினால் ஒரு அடிக்கு இருபது கிலோ மிச்சம், ஒரு ஆட்டத்தில் ஆயிரக்கணக்கான அடி. யாரையும் கேலி செய்யச் சொல்லவில்லை, கூட்டல் கழித்தல் இதுதான்.

இன்னொரு விஷயத்தை யாருமே தொடவில்லை: அவர் ஆட்டம் எதை நம்பி இருக்கிறது? 2020-21-ல் ஸயான் 27 புள்ளி சராசரி, 61 சதவீத ஷூட்டிங். கிட்டத்தட்ட எல்லாம் கூடைக்கு அடியில். முதல் அடியின் வெடிப்பு, உடனே இரண்டாவது குதி. இதில் பத்து சதவீதம் போனாலும் மாற்றுக்கு வெளியிலிருந்து போடும் ஷாட் கிடையாது. எம்பீட் அப்படியா? ஃப்ரீத்ரோ கோட்டிலிருந்து நின்ற நிலையில் போடுவார், ஃபவுல் வாங்குவார், முதுகைக் காட்டி ஆடுவார். 2022-23-ல் 33.1 புள்ளி அடித்தபோது அதில் பெரிய பங்கு தரையில் கால் ஊன்றியபடிதான். கால் போனாலும் கை மிச்சம் இருக்கிற ஆள் அவர்.

அதனால் என் கணக்கில், கிடைக்கும் ஆட்டங்களின் எண்ணிக்கையில் ஸயான் முந்துவார். ஆடும்போது பழைய தரத்தில் இருப்பதில் எம்பீட் முந்துவார். ‘மீண்டு வருதல்’ என்பதற்கு இதில் எது அர்த்தம் என்று முருகு சொல்லவில்லை.

ஏர்பால் ஏகாம்பரம்

கிரெக் ஓடன். 2007 முதல் தேர்வு, போர்ட்லண்டில் மொத்தம் 82 ஆட்டம். கிட்டத்தட்ட ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு சீசன் அளவு. பிராண்டன் ராய். இரண்டு முழங்காலிலும் மெத்தை போய் 27 வயதில் ஓய்வு, பிறகு திரும்பி வந்து 5 ஆட்டம். சயின்ஸ் எல்லாம் சரி பாஸ், கடைசியில் இதுதானே நடக்குது.

பழைய கூடை

ஏகாம்பரம், நீங்கள் சொன்ன இரண்டுமே முழங்கால் மூட்டுக்குள் நடந்தவை. பார்வை சொன்னதற்கு அது சாட்சி, எதிர்வாதம் இல்லை. அதே மூட்டிலும் தப்பியவர் உண்டு. அமாரே ஸ்டவுடமைருக்கு 2005 அக்டோபரில் மைக்ரோஃபிராக்சர் நடந்தது. அதாவது குருத்தெலும்பு போன இடத்தில் எலும்பில் சின்னச் சின்னத் துளை போட்டு, கசியும் மஜ்ஜை ரத்தத்தை உறையவிட்டு ஒரு மாற்றுத் திசுவை வளர்ப்பது. அசலைப் போல வழவழப்பு இருக்காது, நார் மிகுந்த ஒட்டுதான். ஆனாலும் 2006-07-ல் 82 ஆட்டமும் ஆடினார், ஆல்-என்.பி.ஏ முதல் அணியிலும் (சீசனின் சிறந்த ஐவர்) வந்தார். அப்போது அவருக்கு வயது 24 என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிராண்ட் ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ல் இடது கணுக்கால் உடைந்தது, சரியாக ஆறும் முன் ஆடினார். ஆர்லாண்டோவில் முதல் மூன்று சீசனில் 4, 14, 29 ஆட்டம், நாலாவதில் பூஜ்யம். 2003-ல் எலும்பைத் திரும்ப உடைத்து நேராக வைத்தார்கள், அதன்பின் கடுமையான கிருமித் தொற்று வேறு. கதை முடிந்தது என்று எல்லாரும் எழுதினார்கள். ஃபீனிக்ஸுக்குப் போனபின் 70, 82, 81, 80. முப்பத்தாறு வயதில்தான் வாழ்க்கையிலேயே முதன்முறையாக 82-ம் ஆடினார். ஆனால் டெட்ராய்ட்டில் பந்தோடு கோட்டையைப் பிளந்துகொண்டு போன ஹில் இல்லை அது. மூலையில் நின்று ஷாட் போட்டார், எதிரணியின் முக்கிய ஆளைக் காத்தார்.

ஷான் லிவிங்ஸ்டனுக்கு 2007 பிப்ரவரியில் இடது முழங்கால் இடம் பெயர்ந்து மூன்று தசைநார்கள் அறுந்தன. காலையே எடுக்க வேண்டி வரலாம் என்ற நிலை. திரும்பி வந்தவர் வேகத்தை நம்பவே இல்லை. 6 அடி 7 அங்குலம் உயரத்தை வைத்துக் குட்டையான கார்டுகளை (பந்தைக் கொண்டுவரும் வெளிவட்ட ஆட்டக்காரர்களை) முதுகால் தள்ளிக்கொண்டு போய், பத்து பன்னிரண்டு அடியில் திரும்பி எம்பி ஒரு ஷாட். கோல்டன் ஸ்டேட்டில் மூன்று சாம்பியன் பட்டம் அதில் வந்தது.

உயரமான ஆளின் பாதம் பற்றி முருகு கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாவ் மிங்கும் ஸிட்ருனாஸ் இல்கௌஸ்கஸும் இருவரும் ஏழடி தாண்டியவர்கள், இருவருக்கும் பாதத்தில்தான் முறிவு. யாவ் 2011-ல் ஓய்வு பெற்றார். இல்கௌஸ்கஸுக்குப் பாத அமைப்பையே மாற்றி எலும்பு மேல் விழும் சுமையின் திசையைத் திருப்பினார்கள். 2002-03-ல் 81 ஆட்டம், ஆல்-ஸ்டார் இரண்டு முறை. உடைந்ததை ஒட்டுவது ஒன்று, ஏன் உடைந்தது என்று பார்த்துச் சரிசெய்வது வேறு.

கணக்குப்பிள்ளை கேட்ட கேள்விக்கு என் பதில் பில் வால்டன். 1978 எம்.வி.பி, பிறகு பாதம் அவரைப் பல சீசன் உட்கார வைத்தது. 1985-86-ல் பாஸ்டனுக்கு மாற்று ஆளாக வந்தார். ஆட்டத்துக்கு 20 நிமிடத்துக்கும் குறைவு, 80 ஆட்டம், சிறந்த மாற்று ஆளுக்கான சிக்ஸ்த் மேன் விருது, சாம்பியன். அடுத்த சீசன் 10 ஆட்டம். எம்பீட் மீண்டு வருவது என்றால் எனக்குத் தெரிந்து இந்த வடிவத்தில்தான், அதுவும் நிரந்தரம் இல்லை. ஆனால் 2024-ல் மூன்று வருடத்துக்கு 190 மில்லியன் டாலருக்கு மேல் கையெழுத்து போட்டவரை 20 நிமிட மாற்று ஆளாக உட்கார வைக்க எந்தக் கோச்சுக்குத் துணிச்சல் வரும்?

மூணுபுள்ளி முருகு

பழைய கூடை அண்ணா, லிவிங்ஸ்டன் உதாரணம் கண்ணைத் திறந்தது. கணக்குப்பிள்ளைக்கு: ஒரு சீசனில் 60 ஆட்டம், பிளேஆஃபில் 32 நிமிடம். அதைத்தான் நான் மீண்டு வந்தது என்பேன்.

பார்வை சாருக்கு ஒரு கேள்வி. ‘வலி இல்லை’ என்பது தயார் என்று அர்த்தம் இல்லை என்றீர்கள். அப்படியானால் எதைப் பார்த்துத் தயார் என்று முடிவு செய்கிறார்கள்? எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பிசியோ பார்வை

கோட்டை விடும் முதல் இடம் அளவுகோல்தான். ஆபரேஷன் ஆன காலை நல்ல காலோடு ஒப்பிட்டு 90 சதவீதம் வந்தால் பாஸ் என்பது வழக்கம். ஒற்றைக் காலில் ஒரு தாவல், மூன்று தொடர் தாவல், குறுக்குத் தாவல், ஆறு மீட்டரை ஒற்றைக் காலில் கடக்கும் நேரம் என்று நாலு சோதனை. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. காயத்துக்கு முன் ஒருவர் 180 செ.மீ தாவினார் என்று வையுங்கள். ஏழெட்டு மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலே 160-க்கு இறங்கிவிட்டது. ஆபரேஷன் ஆன கால் 150. ஒப்பிட்டால் 94 சதவீதம், பாஸ். பழைய அளவோடு பார்த்தால் 83 சதவீதம், ஃபெயில். அதனால் சீசனுக்கு முன்பே, உடம்பு நன்றாக இருக்கும்போதே அளவெடுத்து வைத்திருக்க வேண்டும். அது இல்லாத அணி இருட்டில் துழாவுகிறது. இன்னொன்று, தாவும் தூரத்தை இடுப்பாலும் கணுக்காலாலும் ஏமாற்றலாம். முழங்கால் மடங்காமல் விறைப்பாக இறங்குகிறாரா என்று பக்கவாட்டில் வீடியோ எடுத்தால்தான் தெரியும்.

ஹாம்ஸ்ட்ரிங்கில் படிகள் வேறு. முதல் சில நாளிலேயே வலி பொறுக்கும் அளவில் நீட்சிப் பயிற்சி தொடங்கும். குறுகிய நிலையில் மட்டும் பலமேற்றினால் வேலைக்கு ஆகாது. முழங்காலை லேசாக மடக்கி இடுப்பிலிருந்து குனிந்து எடை தூக்குவது, மண்டியிட்டு கணுக்காலைப் பிடிக்கச் சொல்லி உடம்பை மெல்ல முன்னால் சாயவிட்டுத் தாங்கும் நார்டிக், இரண்டும் வேண்டும். நார்டிக்கை வாரம் இரண்டு முறை, இரண்டு செட், செட்டுக்கு நாலைந்து என்று தொடங்கி ஏற்றலாம். முதல் வாரம் தசை வலி பின்னும், அந்த வலியைப் பார்த்துப் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டம் இருக்கிற நாளுக்கு முந்தின நாள் கூடாது, ஆட்டம் முடிந்த நாளிலோ மறுநாளோ வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசிச் சோதனை எளிமையானது. மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்காதபடி கட்டுப்போட்டு, நீட்டிய காலை முடிந்த வேகத்தில் மேலே உதைக்கச் சொல்வார்கள். வலி இல்லாவிட்டாலும், உதைக்கத் தயங்கினால், ‘ஏதோ பயமாக இருக்கு’ என்று சொன்னால், திருப்பி அனுப்ப வேண்டும். அதைத் தாண்டினாலும் முழு வேகத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஓடிய செஷன்கள் மூன்று நாலு கணக்கில் இருக்க வேண்டும். கூடைப்பந்தில் இங்கேதான் ஓட்டை விழுகிறது. அரைக் கோர்ட்டில் 5-க்கு 5 ஆடிவிட்டு ‘ரெடி’ என்கிறார்கள். அரைக் கோர்ட்டில் யாரும் முழு வேகத்தைத் தொடுவதில்லை. முதல் ஆட்டத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு கோர்ட்டின் அந்த முனைக்கு ஓடும்போதுதான் தசை அந்த வேகத்தை முதல் தடவை பார்க்கிறது.

முழங்காலுக்கு அளவுகோல் மறுநாள் காலை வீக்கம். மூட்டின் உள்பக்கம் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை தடவித் திரவத்தை ஏற்றிவிட்டு, வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு தடவு. உள்பக்கக் குழியில் சின்ன அலை எழும்பினால் திரவம் இருக்கிறது. தடவாமலே குழி தானாக நிரம்பினால் அதிகம் இருக்கிறது. நேற்றையதைவிட ஒரு படி கூடியிருந்தால் இன்றைய சுமையைக் குறைக்க வேண்டும். அரை நிமிட வேலை, மெஷின் தேவையில்லை. நீர் எடுத்துவிட்டு அன்று மாலையே ஆடவிடுவது மட்டும் மகா தப்பு. நீர் போனது, அதை வரவழைத்தது உள்ளேயே இருக்கிறது.

ஏ.சி.எல் (முழங்காலுக்குள் இருக்கும் ஒரு தசைநார்) அறுந்தவர்களுக்கு ஒரு வரி: ஒன்பது மாதத்துக்கு முன் திரும்ப வேண்டாம், என்ன சோதனை பாஸ் ஆனாலும்.

சங்கிலி விளைவையும் மறக்கக்கூடாது. டெரிக் ரோஸ் 2012-ல் இடது ஏ.சி.எல், திரும்பிய சீசனில் 2013 நவம்பரிலேயே வலது மெனிஸ்கஸ். கிளே தாம்ப்சன் 2019-ல் இடது ஏ.சி.எல், 2020-ல் வலது அகிலஸ் (குதிகால் தசைநாண்). ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு கால் பயந்து பயந்து வேலை செய்தால் மற்றது ஓவர்டைம் பார்க்கிறது. 2019-ல் டுராண்டுக்கும், 2025 ஃபைனல்ஸில் ஹாலிபர்ட்டனுக்கும் கெண்டைத் தசையில் முதலில் பிரச்சினை, அதே காலில் அகிலஸ் பிறகு. கெண்டைக்கால் பிடிக்கிறது என்று ஒரு வீரர் சொன்னால் இப்போதெல்லாம் எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நல்ல உதாரணம் கேட்டால் ஸ்டெஃப் கரி. 2011-12-ல் 26 ஆட்டம், வலது கணுக்காலில் இரண்டு ஆபரேஷன். ‘கணுக்கால் கண்ணாடி’ என்று எழுதினார்கள், 2012-ல் நாலு வருடம் 44 மில்லியனுக்குக் கையெழுத்து போட்டார். கணுக்காலுக்கு மட்டும் பயிற்சி கொடுக்காமல் இடுப்பையும் பிட்டத் தசையையும் பலப்படுத்தினார்கள், திருப்பத்தின் சுமை மேலே ஏறியது. அடுத்த சீசன் 78 ஆட்டம். ஸயானுக்கும் இது பொருந்தும்: கிழிவது தொடையில், சரிசெய்ய வேண்டியது இடுப்பிலும் நிற்கும் விதத்திலும் இருக்கலாம். கணக்குப்பிள்ளை சொன்ன எடைக் குறைப்பு சரி, ஆனால் சீசனுக்கு ஆறு வாரத்துக்கு முன் பட்டினி போட்டு இறக்கினால் கொழுப்போடு தசையும் போகும், ஹாம்ஸ்ட்ரிங் இன்னும் பலவீனமாகும். வாரத்துக்கு அரைக் கிலோ, எடை தூக்கும் பயிற்சியை விடாமல். அதற்கு மேல் வேகம் வேண்டாம்.

ஏர்பால் ஏகாம்பரம்

சரி, கரியை ஒத்துக்கறேன். லொன்சோ பாலையும் யாராவது சொல்லுங்க. 2022 ஜனவரியில் போனவர், முழங்காலில் மூன்று ஆபரேஷன், கடைசியாகக் குருத்தெலும்பு மாற்று. 2024 அக்டோபரில்தான் திரும்ப வந்தார். ஆயிரம் நாளுக்கு மேல.

கணக்குப்பிள்ளை

வந்தார், 35 ஆட்டம் ஆடினார், சராசரி 7.6 புள்ளி. ‘குருத்தெலும்பு போனால் யாரும் திரும்ப மாட்டார்கள்’ என்பதற்கு அது மறுப்பு, சரி. ‘பழையபடி திரும்புவார்கள்’ என்பதற்கு ஆதாரம் இல்லை. அவருடைய ஆட்டம் பாஸும் டிஃபென்ஸ் வாசிப்பும் என்பதால் தாக்குப்பிடித்தார். பழைய கூடை சொன்ன லிவிங்ஸ்டன் கதைதான் மறுபடி.

முருகுவின் 60 ஆட்டக் கோட்டுக்கு வருகிறேன். 82 ஆட்டம், ஏறக்குறைய 25 வாரம், வாரத்துக்கு மூன்றுக்கு மேல். ஒவ்வொரு அணிக்கும் அடுத்தடுத்த நாளில் ஆட்டம் சுமார் 15 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை விட்டால் 67 மிச்சம். அதிலும் முன்னெச்சரிக்கையாக ஏழெட்டு போனால் 60. அதாவது ஒரு சின்னக் காயத்துக்குக்கூட இந்தக் கணக்கில் இடமில்லை. கூடவே 2023-24-லிருந்து விருதுகளுக்கு 65 ஆட்டம் என்ற விதி வேறு. திட்டம் போட்டு ஓய்வெடுக்கிறவருக்கு அந்தக் கோடு எட்டவே எட்டாது, ஆனால் எட்டிவிடலாம் என்ற ஆசை மட்டும் இருக்கும். அந்த விதி வந்த சீசனில் எம்பீட் எம்.வி.பி போட்டியில் முன்னால் இருந்தவர், 39-ல் நின்றார்.

நிமிடத்தைக் குறைப்பதிலும் ஒரு சூட்சுமம். 24 நிமிடம் என்றால் ஆறு ஆறாக நாலு துண்டு நல்லதா, பன்னிரண்டாக இரண்டு நல்லதா? தசைக்காரருக்கு நீண்ட துண்டு, இடையில் உட்கார்ந்து குளிர்ந்துபோய் எழுந்து ஓடுவதுதான் ஆபத்து. மூட்டுக்காரருக்குச் சின்னத் துண்டு, சுமை ஒரேயடியாகச் சேராது. ஒரே ‘மினிட்ஸ் லிமிட்’ என்று எல்லாருக்கும் ஒரு எண் சொல்வது எனக்கு எப்போதுமே எரிச்சல்.

பிசியோ பார்வை

துண்டு கணக்கில் பாதி ஒத்துக்கொள்கிறேன். பெஞ்சுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் போட்டு மிதிக்கவைத்தால் தசைக்காரரையும் சின்னத் துண்டில் ஆடவைக்கலாம், பல அணிகள் அதைத்தான் செய்கின்றன. எம்பீடைப் பன்னிரண்டு நிமிடம் தொடர்ந்து விடக்கூடாது என்பதில் மறுபேச்சு இல்லை.

பழைய கூடை

அக்டோபரில் இருவரும் இறங்கும்போது டிவியில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். புள்ளிப் பட்டியலில் தெரியாதவை இவை.

ஸயான்: டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடும்போது கடைசி இரண்டு அடியில் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். நம்பிக்கை உள்ள ஆள் இடுப்பைத் தாழ்த்தி நாலைந்து சின்ன அடியில் பிரேக் போடுவார். நம்பாத ஆள் தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்து நடந்து வருவார். போட்ட ஷாட் தவறி அதே பந்துக்கு உடனே எம்பும் அந்த இரண்டாவது குதி இருக்கிறதா? 2020-21-ல் அவரைத் தடுக்க முடியாமல் செய்தது அதுதான்.

எம்பீட்: எதிரணி ஸ்க்ரீன் (உடம்பால் வழிமறிப்பது) வைக்கும்போது முழங்கால் மடங்கி உட்கார்ந்து பின்வாங்குகிறாரா, நிமிர்ந்து நின்றபடி கையை மட்டும் நீட்டுகிறாரா? ரீபவுண்டுக்கு இரண்டு காலில் இறங்குகிறாரா, எடை முழுதும் வலது பக்கம் சாய்கிறதா? நாலாவது குவார்ட்டரில் ஜம்ப் ஷாட் எல்லாம் முன் வளையத்தில் தட்டினால் கால் காலி என்று அர்த்தம்.

மூணுபுள்ளி முருகு

குறித்துக்கொண்டேன். கணக்குப்பிள்ளை, ஸயான் 55-க்கு மேல், எம்பீட் 45-க்குக் கீழ் என்று நான் எழுதிவைக்கிறேன். மாற்றம் உண்டா?

கணக்குப்பிள்ளை

எம்பீட் சரி. ஸயானுக்கு 50 போடுங்கள். அந்த இடது தொடை கிறிஸ்துமஸ் தாண்டினால் ஏற்றிக்கொள்ளலாம்.